தண்ணீர் ஓடும் கம்ப்யூட்டரும் ஒன்றரை மணி நேரமும்

கம்ப்யூட்டர் பக்கம் தண்ணீர் டம்ளரைக் கொண்டுபோகாதே என்று ஊரெல்லாம் அலறிக்கொண்டிருக்க, அதற்குள்ளேயே தண்ணீரை ஓடவிடச் சொல்லி விற்பதுதான் எங்கள் தொழில். பாதி மட்டுமே தெரிந்த சமாச்சாரத்தை முழுக்கத் தெரிந்த முகத்தோடு நீங்கள் யாருக்காவது விளக்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. 2011-இல் சிட்னியின் பாரமட்டாவில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஊர்ப் பெருமை

இன்டர்வியூவில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர் கோயம்புத்தூர், இந்தியாவுக்கே பம்ப் செய்யற ஊர்" என்று பீற்றிக்கொண்டேன். ஆறு மாதம் பிரிண்டர் மை விற்ற பிறகு, முதலாளி பீட்டர் என்னை ஒரு புது அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். குட்டி பம்ப், ரேடியேட்டர், தண்ணீர்த் தொட்டி, செம்புக் கட்டி, குழாய்கள். சூடாகிற சிப்பின் தலையில் செம்புக் கட்டியை உட்கார்த்தி, அதன் வழியாகத் தண்ணீரை ஓட்டி, சூட்டை ரேடியேட்டரில் ஆற்றுவது. அவ்வளவுதான் வித்தை. "நீதான் பம்ப் ஊர்க்காரியாயிற்றே, இந்த அலமாரி உன்னுடையது. ஷோகேஸில் வைக்க நீயே சாமான் பொறுக்கி ஒரு மெஷின் கட்டு. அது ஒழுகினால் அலமாரியை எடுத்துவிடுவேன், நீ மைக்கே திரும்பிப் போகலாம்" என்றார்.

மை விற்றவர்களுக்குத்தான் அந்தத் தண்டனை புரியும். பிரிண்டர் பெயர் தெரியாமல், "கறுப்பா இருக்கும், இவ்வளவு உயரம்" என்று கையால் காட்டுகிறவர்களுக்கு நாள் முழுக்க மை தேடிக் கொடுக்க வேண்டும். அங்கே திரும்பிப் போவதைவிட சிட்னியைவிட்டே போய்விடலாம் என்றிருந்தது.

கடையின் பின்கட்டில் சாமான் அடுக்கும் யோகன் அண்ணா பருத்தித்துறைக்காரர். அந்த பம்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, உங்கட ஊர் பம்ப் கிணத்தை இறைக்கும். இது ஒரு கோப்பை பிளேன்டீயை இறைச்சாலே பெரிய காரியம்."

வெள்ளி

முதல் வாடிக்கையாளர்கள் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து வந்த திருச்சித் தம்பதி. கணவர் ஐ.டி.க்காரர், பட்டியலோடு வந்திருந்தார். மனைவி பட்டியல் இல்லாமல் வந்திருந்தார், கேள்வியெல்லாம் அவருடையதுதான். காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது என்றேன். "ஹெலன்ஸ்பர்க் கோயில் தீர்த்தம் ஒரு பாட்டில் இருக்கு. முதல்ல ஒரு சொட்டு அதை விட்டா என்ன?" என்றார். துளசியும் பச்சைக் கற்பூரமும் உள்ளே போனால் செம்புக் கட்டியின் நுண்ணிய பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும் என்று பக்தி குறையாமல் விளக்கினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். பாசி பிடிக்காமல் இருக்கத் தொட்டிக்குள் ஒரு துண்டு வெள்ளிக் கம்பி போடுவோம் என்று சொல்லித் தொலைத்தேன். அந்தம்மா முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "எங்க பையனோட வெள்ளி அரைஞாண் கொடி இடுப்புக்குப் பத்தாம சும்மாதான் பெட்டியில கிடக்கு. அதைப் போட்டுடலாமா?"

பொருத்தம்

வென்ட்வேர்த்வில் டாக்சிக்காரர் ஒருவர் ஷாப்பிங் பையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால் கார் ஹீட்டரில் இருக்கும் குட்டி ரேடியேட்டர். பழைய கார் உடைக்கிற இடத்தில் கழற்றி, சோப்புப் போட்டு மினுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். "செம்புக் கட்டி மட்டும் தாங்கோ, மிச்சம் என்னட்ட இருக்கு" என்றார்.

அவருடையது அலுமினியம். அலுமினியமும் செம்பும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும். முழு ரசாயனப் பாடமும் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார், நானே மெச்சிக்கொள்ளும்படி விளக்கியிருந்தேன். கடைசியில் பெருமூச்சு விட்டு, ரேடியேட்டரை மறுபடி பைக்குள் சுற்றினார். "ரெண்டும் தனித்தனியா நல்ல பிள்ளையள்தான், ஒரு வீட்டில மட்டும் வைக்கேலாது எண்டு சொல்லுறியள்."

நிழலின் அளவு

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியாகிவிட்டது. இனி என் மெஷின். இருப்பதிலேயே பெரிய ரேடியேட்டரை எடுத்தேன். பெட்டியின் மேல்பக்கத்தை நீளம், அகலம் இரண்டு முறை அளந்தேன். கச்சிதம். அதன் அடியில் மூன்று ஃபேன் மாட்ட வேண்டும் என்பது, மாட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபேன்கள் மதர்போர்டில் போய் முட்டின. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒல்லியான ரேடியேட்டர் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தபடி யோகன் அண்ணா சொன்னார்: "அளந்தது சரிதான் தங்கச்சி. ஆளை விட்டிட்டு நிழலை அளந்துபோட்டியள்."

லோக்கல் டைம்

எல்லாம் மாட்டி முடித்தபின் ஒழுகல் சோதனை. மற்ற எதற்கும் மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் சமையலறை பேப்பர் விரித்து, ஒரு முழு நாள் பார்க்க வேண்டும். வெள்ளி காலை ஒன்பதுக்குத் தொடங்கினேன். சனி காலை ஒன்பதுக்குப் பேப்பர் எல்லாம் காய்ந்த அப்பளம்போல் இருந்தது. பீட்டர் தெரிந்தவர்களையெல்லாம் வரச்சொல்லி, "ம், போடு" என்று நின்றார்.

அப்போது காதோரம் யோகன் அண்ணா கிசுகிசுத்தார்: "சனிக்கிழமை ஒம்பதில இருந்து பத்தரை ராகு காலம்." நான் இன்ஜினியரிங் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் விரல் ஸ்விட்சுக்குப் போக மாட்டேன் என்கிறது. "ஊர் டைமா, சிட்னி டைமா அண்ணா?" என்று கேட்டேன். "ராகு எங்க போனாலும் லோக்கல் டைம்தான், பிள்ளை."

கடைச் சட்டம்

பீட்டரிடம் திரும்பி, சோதனைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் தேவை என்றேன். ஏன் என்றார். "தண்ணீர் அமைதியாக வேண்டும்." இப்படியொரு பொய்யை இவ்வளவு நிமிர்ந்த முதுகோடு நான் அதற்குமுன் சொன்னதில்லை. வந்தவர்கள் காப்பி குடிக்கப் போனார்கள்.

பத்து மணிக்கு கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருந்த பேப்பரில் ஒரு ஈரப் பொட்டு. சின்னதுதான், ஆனால் ஈரம். அந்த இணைப்புக்குள் போட வேண்டிய ரப்பர் வளையத்தை நான் பாக்கெட்டிலேயே விட்டிருக்கிறேன். நேரே மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது பீட்டரின் தலை. எனக்கு மை வாசனையே அடித்துவிட்டது.

பீட்டர் பேப்பரைத் தொட்டார், விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒன்பதுக்கே போட்டிருந்தால் கார்டு போயிருக்கும். நீ அவசரப்படவில்லை, அலமாரி உன்னுடையதுதான்" என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வளையத்தைப் போட்டேன். மறுநாள் மதியம் மெஷின் ஒரு சொட்டும் சிந்தாமல் நீல விளக்கு மினுங்க ஓடியபோது கடையே கை தட்டியது. அதற்குமுன், சனிக்கிழமையே, பீட்டர் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டார்: "நம் கடையில் ஒழுகல் சோதனை இருபத்தைந்தரை மணி நேரம். ஒரு நிமிடமும் குறையக் கூடாது."

சயின்ஸ்

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்து, முதல் முறை கட்டப் போகிறேன் என்று சாமான் கேட்டார். ஒரு நாள் சோதித்துப் பாருங்கள் என்று நான் தொடங்கியதும், பரிதாபமாகப் பார்த்தார். இணையத்தில் எல்லாரும் எழுதுகிறார்களாம். பின்கட்டில் யோகன் அண்ணா அட்டைப்பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "இருபத்துநாலு போதாது, இருபத்தைந்தரை மணி நேரம் விட வேண்டும். அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம்தான் முக்கியம், அது சயின்ஸ்" என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார் அந்த இளைஞர்.

ராகுவுக்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் பி.ஆர். கிடைத்தது இப்படித்தான், எனக்குக் கிடைக்க அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஆனது.