சாயம் போகாது என்று சொல்லி விற்றவன்

சாயம் விற்கிறவனுக்கு வெள்ளை வேட்டி ஆகாது என்பதை வேலையில் சேர்ந்த மூன்றாம் நாளே தெரிந்துகொண்டேன். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, எங்கள் சரக்கைப் போல் உண்டா என்று தொண்டை வற்றப் பேசிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என் கதையில் புதிதாக ஒன்றும் இருக்காது. நாமெல்லாம் ஒரே படகில் போனவர்கள். மற்றவர்களுக்காகத்தான் விளக்கிச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, தென்காசியில் சாய டப்பாக்களுக்கு ஏஜென்ஸி எடுத்திருந்த ஒரு முதலாளியிடம் சேர்ந்தேன். நெசவு நூலுக்குச் சாயம் தோய்க்கும் பட்டறைகளுக்குப் போய், புதிதாக வந்த சாயங்களைச் செய்துகாட்டுவது என் வேலை. முதலாளி முதல் நாளே கெடு வைத்துவிட்டார். குற்றாலத்தில் சாரல் முடிவதற்குள் ஒரு பட்டறையாவது எங்கள் சாயத்துக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு வாய்த்தது மைதீன் பாயின் பட்டறை. ஐம்பது வயது, முழங்கை வரை நீலம் ஏறிய கைகள். அவர் தோய்த்துக் கொடுக்கும் நூலை நம்பித்தான் அந்தத் தெருவில் தறிகள் ஓடின.

சாலுக்கு வந்த சடவு

நீலம் தோய்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சால் என்பது கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய பானை. நன்றாக இருக்கிற சாலில் நீலமே தெரியாது. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறம்தான் இருக்கும். நூலை முக்கி எடுத்தாலும் அதே பச்சைதான். கொடியில் போட்டுக் காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

நான் முதன்முதலில் போன அன்று சாலே நீலமாகக் கிடந்தது. நூலில் சாயம் பிடிக்கவில்லை. “சால் சடவா இருக்கு” என்றார் பாய். ஒருவர் மனத்தாங்கலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதை எங்கள் பக்கத்தில் சடவு என்போம். காலையில் பட்டறையில் நடந்த சண்டை சாலுக்குப் பிடிக்கவில்லையாம். பட்டம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதவன் சும்மா இருப்பேனா? காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்துவிட்டது, அதனால்தான் நீலம் கரையாமல் நிற்கிறது என்று பிரசங்கம் செய்துவிட்டு, பெட்டியிலிருந்த, ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் ஹைட்ரோஸ் பொடியைப் போட்டு மெள்ளக் கலக்கி மூடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சால் மஞ்சளாகத் தெளிந்தது. இதே மாதிரி ஆனால் பாய் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றி மூன்று நாள் மூடி வைப்பாராம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நீரு ஆக்சிஜன்ங்கீரு, நான் சடவுங்கேன். மூடி வச்சாத் தெளியும்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குல்லா தம்பி.”

நாற்றமில்லாத நீலம்

பாயின் நூலில் நெய்த துணியை எடுத்து விற்கிற சுரண்டை ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். செடியிலிருந்து எடுத்த பழைய நீலமும், தொழிற்சாலையில் செய்து டப்பாவில் வருகிற நீலமும் ஒன்றேதான், இம்மிகூட வித்தியாசமில்லை என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். உயிருள்ளது தருவதை உயிரில்லாததிலிருந்து செய்யவே முடியாது என்று சீமையில் ஒரு காலத்தில் பெரிய பெரிய ரசாயனக்காரர்களே நம்பியதையும், அந்த நம்பிக்கை சோதனைச்சாலையில் உடைந்து போனதையும் எடுத்துவிட்டேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். தன் அப்பா காலத்துச் சால் தெருக்கோடி வரை நாறும், இது நாறவில்லையே என்றார்.

நாற்றம் இலை புளித்ததால் வந்தது, அது வேறு, நீலம் வேறு என்றேன். சரியான பதில்தான். ஆனால் ஒரு பொருளில் எது அந்தப் பொருள், எது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று பிரித்துச் சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. அண்ணாச்சிக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

“அப்பம் எங்க அய்யா ஆயுசு பூரா நாத்தத்தையாவே நீலம்னு நம்பினாரு?”

இரண்டு தொட்டி

என் பெட்டியில் இருந்த பெரிய வெடி, நாப்தால் சிவப்பு. முதல் தொட்டியில் நாப்தாலைக் கரைத்து நூலை நனைத்தால் நூல் வெளுத்துத்தான் இருக்கும். இரண்டாவது தொட்டியில் இருக்கிற கரைசலும் சாதாரணத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். நனைந்த நூலை அதில் முக்கினால் போதும், ரத்தச் சிவப்பு. செய்துகாட்டிய அன்று தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

பாயின் மனைவி மரியம் அக்கா முதல் தொட்டியை எட்டிப் பார்த்தார், இரண்டாவதை எட்டிப் பார்த்தார். ரெண்டிலும் இல்லாத சிவப்பு எங்கன இருந்து வந்தது என்று கேட்டார். இரண்டிலும் தனித்தனியாக இல்லை அக்கா, சேர்ந்தால்தான் உண்டாகும் என்றேன். அவர் பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கா பி.எஸ்ஸி. படிச்சீரு? ரெண்டு சாதுவைப் புடிச்சிக் கட்டி வச்சா வீட்டுல தினம் சண்டை வருதே, அது எங்கன இருந்து வருதாம்?”

அருவிச் சோதனை

நாப்தால் சிவப்பு தண்ணீரில் போகவே போகாது என்று நான் சொன்னதை பாய் வாயால் மறுக்கவில்லை. மாதிரிக்காக நெய்த சிவப்புச் சாரத்தை, அதாவது கைலியை, என்னையே உடுத்தச் சொல்லி, அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டை இறுக்கிக் கட்டி, குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேரருவிக்கு நடுவில் என்னை நிறுத்திவிட்டு, அவர் பாறையோரம் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார். சாரல் காற்று, தலையில் சம்மட்டி அடி. குளிக்க வந்தவர்கள் மூன்று சுற்று வந்து போன பிறகும் எனக்கு வெளியே வர அனுமதி இல்லை. துணியைச் சோதிக்க இதைவிட நல்ல இயந்திரம் எந்த ஊரிலும் கிடையாது என்பது என் கருத்து.

ஒரு வழியாகக் கைகாட்டினார். பற்கள் தந்தியடிக்க வந்து நின்றேன். துண்டை அவிழ்த்துப் பிழிந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். மல்லிகைப்பூ வெள்ளை.

“சாயம் நிக்கிது தம்பி. நீருதான் வெளுத்துட்டீரு.”

ஈர விறகு

அந்த அருவித் தண்ணீரை நம்பி, சீசனுக்கு விற்க நூறு சிவப்புச் சாரத்துக்கான நூலைத் தோய்க்க பாய் சம்மதித்தார். நூல் சிவந்த பிறகு சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். அப்போதுதான் நூலின் மேலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் கழியும். மாதிரிக்கு அப்படித்தான் செய்தோம். ஆனால் இப்போது விடாத சாரல், விறகெல்லாம் நனைந்து புகைந்தது. சீசனோ ஓடிக்கொண்டிருந்தது, கூடவே என் கெடுவும் ஓடியது. பத்து நிமிஷம் கொதித்தால் போதும் என்றேன். பாய் தயங்கினார், கொப்பரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“படிச்சவரு சொல்லுதீரு. எறக்கிருதேன்.”

சிவந்த மண்டிக்காரர்

சாரங்கள் குற்றாலத்துக் கடைகளில் சூடாக விற்றன. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருவர் அதில் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, குற்றாலத்து வழக்கப்படி உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லி ஒரு மணி நேரம் ஊறியிருக்கிறார். எழுந்து பார்த்தால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குங்குமச் சிவப்பு! கடைக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். மரியம் அக்கா உள்ளே ஓடியது கூச்சத்தினாலா சிரிப்பினாலா தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் கரையாத சாயத்தை எண்ணெய் தூக்கிக்கொண்டு வரும் என்பது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. தெரிந்திருந்தும், எண்ணெய்க் குளியலுக்குப் பேர்போன ஊரில் விற்கப் போகிற துணியைத் தண்ணீரில் மட்டும் சோதித்துவிட்டு, கொதிப்பையும் குறைத்திருக்கிறேன். மைதீன் பாயின் பெயர் என்னால் கெட்டுவிட்டது. அருவியில் நின்று சோதித்ததைச் சொல்லிப் பார்த்தேன். மண்டிக்காரர் விடவில்லை.

“அருவியில நின்னு பாத்தேன்னு சொல்லுதீரு. எண்ணெயத் தேச்சி எவன்வே பாத்தான்?”

முதலாளி வந்த நாள்

விற்காமல் மிச்சமிருந்த சாரங்களைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கி, காய்ந்த விறகாகத் தேடிப் பிடித்து, நானும் பாயும் மறுபடி சோப்பில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தோம். கொப்பரையில் சிவப்பு நுரை பொங்கிப் பொங்கி வழிந்தது. அத்தனையும் இன்னும் எத்தனையோ பேர் தொடைக்குப் போயிருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து சேர்ந்தார். சேதி அவர் காதுக்கு எட்டியிருந்தது. சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை, பட்டறையில் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை, அவ்வளவுதான் என்று தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். ரசாயனப்படி அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலையும் தப்பும், ஏஜென்ஸியின் பெயரும் தப்பும். பாய் கொப்பரையைக் கிளறிக்கொண்டே இருந்தார்; என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “பத்து நிமிஷம் போதும்னு சொன்னது நான் முதலாளி. அவங்க அரை மணி நேரம் வைக்கணும்னுதான் பாத்தாங்க” என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நாளைக்கு நான் வர வேண்டாம் என்பது தெளிவாக இருந்தது. பாய் துடுப்பைக் கொப்பரையில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சாயம் விக்க வந்தவனுவள்ல, தப்பு எம்பேர்லன்னு சொன்னவன இன்னைக்குத்தான் பாக்கேன் முதலாளி. இவன் கொண்டு வந்தா ஒங்க டப்பாவ எடுத்துக்கிடுதேன். வேற ஆளு கொண்டு வந்தா வேண்டாம்.”

பிறகு பல வருஷம் அதே பெட்டியோடு அதே பஸ்களில் அலைந்தேன். எங்கள் சாயம் எதிலும் போகாது என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டு, இதுவரை எதிலெதில் போட்டுப் பார்த்திருக்கிறோம் என்று பட்டியல் சொல்லியே விற்றேன்.