வடத்தின் மேல் ஒரு தோல்

எஃகு வடத்தில் கம்பிகள் பிரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் அலுவலக மீட்பு ஜீப்பில், சிக்கிய வண்டிகளை இழுக்கும் வின்ச் உருளையின் வடம் பிரிந்து இரண்டு வருடமாகியிருந்தது. நரைமீசை ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் இழுக்கும் முன், ஆம்பூர் தோல் ஆலையில் கழித்துப்போட்ட மாட்டுத்தோலை நனைத்து வடத்தின் மேல் போடுவார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார்.

"அறுந்தா சீறிக்கினு வரும் சார், தோல் அமுக்கிடும். சிந்தெடிக் கயிறுன்னா இந்த பேஜாரே இல்ல. எழுதிக் கேட்டீங்களே, இன்னா ஆச்சு?"

"மேலிடத்துக்கு மூணாவது நினைவூட்டல் போயிருக்குப்பா," என்றேன்.

"அப்ப ரெண்டு தோலா போட்டுக்கறேன்."

பாலாற்று மணலில் லாரியை இழுத்தபோது வடம் அறுந்தது. அடியைத் தோல் தாங்கியது. தெறித்த ஒரு கம்பி அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. ஓட்டுநர் பணிக்கு அவர் தகுதியற்றவர் என்ற குறிப்பில், விதிப்படி, ஒரு திங்கட்கிழமை நான்தான் கையெழுத்திட்டேன். கயிறு வாங்க அனுமதிக் கடிதம் வந்ததும் அதே திங்கட்கிழமைதான்.