பளீல் கேட்ட சம்மதம்

பாலமுனைப் பளீல் தோணிக்காரர். கடலில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. அங்கே கீழ்ப்படிந்தால்தான் உயிரோடு கரை சேரலாம். வீடு தோணியில்லை என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை. படிப்பை நிறுத்தச் சொன்னபோது மகள் றிபா அழுதுவிட்டு இணங்கிப்போனாள்.

இன்று அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் முன்கூடத்தில் காத்திருக்க, வழக்கப்படி மகளிடம் சம்மதம் கேட்க பளீல் அறைக்குள் போனார். றிபா வாய் திறக்கவில்லை.

“குமருப் புள்ள வாய் திறந்தா சொல்லும்? பேசாம இருந்தா ஓம் எண்டுதான் அர்த்தம். போய்ச் சொல்லுங்க” என்றாள் மனைவி சரீபா.

பளீல் மகளின் கைகளைப் பார்த்தார். மனம் ஒப்பினால் றிபா ஓயாமல் கதைப்பாள். வேறு வழியில்லாமல் இணங்கும்போதுதான் முக்காட்டு நுனியை முறுக்குவாள். இப்போதும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மகள், எனக்காக ஓம் சொல்ல வேணாம். உனக்கு விருப்பமா?”

அவள் நிமிர்ந்தாள்.

“இவ்வளவு காலமும் நீங்க சொல்ல மட்டும்தானே செஞ்சீங்க வாப்பா. இண்டைக்குத்தான் கேக்கிறீங்க.”

வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். பளீல் கதவைச் சாத்திவிட்டு, மகளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார்.