இடது கன்னத்தில் ஒரு புள்ளி

எண்பதுகளின் கடைசி அது. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டைப்பிங் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்ட எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். போட்டோ எடுப்பது முதலாளி. பெண்கள் வந்தால் முந்தானையைச் சரிசெய்து, தாடையை லேசாக நிமிர்த்தி உட்கார வைப்பது நான். பிறகு பின்னறையில் உட்கார்ந்து நெகட்டிவுக்கு ‘டச்சிங்’ செய்வதும் நான்தான்.

டச்சிங் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேமராவுக்குள் தூசி புகுந்து ஃபிலிம் மேல் உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் வெளிச்சம் படாது. நெகட்டிவில் அது வெளிறிய புள்ளியாக நிற்கும், பிரிண்ட் போட்டால் கறுப்புப் புள்ளியாக வரும். ஊசி மாதிரி சீவிய பென்சிலால் நெகட்டிவில் அந்தப் புள்ளியை நிரப்பிவிட்டால் பிரிண்ட்டில் இருந்த இடம் தெரியாது. சொல்வதற்குச் சுலபம். பூதக்கண்ணாடிக்குக் கீழே பத்து முகம் பார்ப்பதற்குள் கண் பூத்துப்போய்விடும்.

எங்கள் கடைக்குத் தூசியிலிருந்து தப்பவே வழியில்லை. திரிசூலம் பக்கமிருந்து ஜல்லி ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க வாசலில் ஓடும். ரோல் மாற்ற வேண்டுமென்றால் முதலில் கதவைச் சாத்தி ஃபேனை நிறுத்துவோம். வேர்த்து ஊற்ற ஊற்ற, ரப்பர் பல்பை அமுக்கி கேமராவின் வயிற்றுக்குள் காற்றடித்து, மெல்லிய பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டிவிடுவேன். வாயால் மட்டும் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் தூசியே தேவலை என்பார் முதலாளி. கோயில் கருவறைக்குக்கூட இவ்வளவு மடி இருக்காது.

அப்படியும் ஒரு கல்யாணப் பெண்ணின் மூக்கு நுனியில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அவளுடைய அப்பா படங்களை மேஜை மேல் வீசிவிட்டுப் போனார். முதலாளி வாடிக்கையாளர் முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, கண்ண எங்க வச்சிகினு வேல செய்ற? இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன், சொல்லிட்டேன்.”

எங்கள் வீட்டில் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். உடம்பெல்லாம் கூசிப்போய் நின்றேன். பெஞ்சில் அப்போது காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெண். இரும்புலியூர் முஸ்லிம் குடும்பம். மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்திருந்தாள். கணவர் வளைகுடாவில் இருக்கிறாராம். குழந்தை பிறப்பதற்கு முன்பே போனவர், இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லையாம். நான் அவளுடைய முக்காட்டைச் சரிசெய்து, தாடையை நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். ஆனால் என் கண்ணெல்லாம் முக்காட்டுச் சுருக்கத்திலும், விளக்கு வெளிச்சத்தில் மிதந்த தூசியிலும்தான் இருந்தது.

அன்று மாலை நெகட்டிவைப் பார்த்தால், இடது கன்னத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி. அடுத்து எடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. இரண்டு படத்தில் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தூசி உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேமராவை மறுபடி திறந்து அரை மணி நேரம் சுத்தம் செய்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். பிரிண்ட் போட்டதும் கன்னம் பளிங்கு மாதிரி வந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அவள் படங்களை வாங்கிக்கொண்டு போன மறுநாள், காலை பதினொன்றரை மணிக்கு மூச்சு வாங்கப் பின்னறைக்கே ஓடி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் விண்ணப்பம்.

“அக்கா, பாஸ்போர்ட் ஏஜென்ட் இந்த ஃபோட்டோவ வாங்க மாட்டேன்னுட்டார். ஃபாரத்துல அங்க அடையாளம் இடது கன்னத்துல மச்சம்னு எழுதியிருக்காம். ஃபோட்டோல மச்சம் எங்கன்னு கேக்கறார்.”

தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

ஏஜென்ட் ஒரு மணி ரயிலில் விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்புகிறாராம். விட்டால் மறுபடி போவது இரண்டு வாரம் கழித்துத்தான். கணவர் எப்படியோ வாங்கி அனுப்பியிருந்த விசாவுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் விசா போச்சு. அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாதாம்.

பேச்சுக் குரல் கேட்டு முதலாளி உள்ளே வந்துவிட்டார். “இன்னா பிரச்சன?”

கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். வேலை போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள் அவள். “நான்தான் அக்காகிட்ட மச்சத்த எடுத்துடுங்கன்னு சொன்னேன். அழகா இருக்குமேன்னு பார்த்தேன். ஃபாரத்துல எழுதியிருக்கறது தெரியாமப் போச்சு. தப்பு என்மேலதான்.”

முதலாளி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “பாஸ்போட்டு படத்துல போய் அழகு பாக்கிறியேம்மா. சரி, சீக்கிரமா வேற போட்டுக் குடு,” என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

புதிதாகப் படம் எடுத்துக் கழுவிக் காய வைக்க நேரமில்லை. பழைய நெகட்டிவில் பென்சிலைத் துடைத்தெடுப்பது ஒன்றுதான் வழி. பஞ்சில் ஒரு சொட்டு டர்பன்டைன் தொட்டு ஒற்றி எடுத்தேன். கொஞ்சம் அழுத்தினாலும் ஃபிலிமில் கீறல் விழுந்துவிடும். நல்லவேளையாகப் பென்சில் போய்விட்டது. இருட்டறையில் சிவப்பு விளக்கடியில், தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் பேப்பரைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் இரண்டு கண்மணிகள் வந்தன. கூடவே மச்சமும் வந்தது. அழுதுவிட்டேன்.

அவசரத்தில் எங்கேயோ ஒரு தூசி விழுந்து, முக்காட்டு ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. திரும்பப் போடட்டுமா என்று கேட்டேன். “முகம் சரியா இருக்குல்லக்கா, போதும்,” என்று கடிகாரத்தைப் பார்த்தாள். ஃபேனுக்கு நேரே பிடித்துக் காய வைத்து, வெட்டிக் கவரில் போட்டபோது மணி பன்னிரண்டு நாற்பது.

“என்னால உன்ன பொய் சொல்ல வச்சிட்டேனே,” என்றேன்.

“முழுப் பொய்யில்லக்கா,” என்று சிரித்தாள். “அன்னிக்கு அவரு உங்களத் திட்டினப்ப நானும் இருந்தேனே, பாவமா இருந்துச்சு. ஆனா ஸ்கூல் படிக்கறப்ப இந்த மச்சத்த ரப்பர் வச்சுத் தேய்ச்சுப் பார்த்தவதான் நான். மச்சமில்லாத அந்தப் படம் என்கிட்டயே இருக்கட்டும்.”

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள். நான் வாசலில் நின்று, லாரிகளுக்கு நடுவே அந்த முக்காடு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஸ்டூடியோ முகவரிக்கு ஒரு வெளிநாட்டுத் தபால் வந்தது. உள்ளே ஒரு கலர் படம். மீசை வைத்த ஓர் ஆள், அவர் தோளில் குழந்தை, பக்கத்தில் அவள். பின்பக்கம் பேனாவால் ஒரே வரி: ‘அக்கா, மச்சம் தெரியுதா?’

நன்றாகவே தெரிந்தது. முதலாளியிடம் உண்மையை அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கொழந்த அப்பன் ஜாடை என்றார். அவ்வளவுதான்.

அந்த வேலையை விட்டு எவ்வளவோ வருடமாகிவிட்டது. தன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூடச் செய்யாத ஒருத்திக்காக, தன் காரியம் தொங்கலில் இருந்த நேரத்திலும் அந்தப் பெண் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். இன்றைக்கும் யாராவது என்னிடம் ஒரு தப்பைச் செய்துவிட்டு வாயடைத்து நிற்கும்போது, கோபம் வருவதற்கு முன்னால் எனக்கு அந்த முகம்தான் வருகிறது, மச்சத்தோடு.