பெனிமக்லெட்டில் என்கார்னாவின் கதவு

12.03.2023 — 1.80
07.05.2023 — 1.80
02.07.2023 — 1.80
24.09.2023 — 1.80
16.05.2024 — 286.40

முதல் நான்கும் ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக்குப் போன கடிதங்களின் முத்திரைச் செலவு, சுவிஸ் பிராங்கில். ஐந்தாவது, அந்தக் கடிதங்களைத் தொடர்ந்து என் தங்கை ஞானேஸ்வரி எடுத்த விமானச்சீட்டு.

ஞானேஸ்வரிக்கு அறுபத்து நான்கு வயது. சுவிசில், பூம்ப்ளிஸ் என்ற இடத்தில் இருக்கிறாள். துன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள். அங்கே அவளுக்கு மேலாக இருந்தவர் என்கார்னா என்ற ஸ்பானியப் பெண். ஞானேஸ்வரிக்கு மகள் பிறந்தபோது, கணவன் வேலையில் நிற்க, ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் அவர்தான். ஓய்வுபெற்றுச் சில வருடங்களின் பின் என்கார்னா வலென்சியாவுக்குத் திரும்பினார். இயந்திர இரைச்சலில் அவருடைய காது போய்விட்டது. தொலைபேசியில் கதைக்க முடியாது. ஆகவே கடிதம்.

ஞானேஸ்வரியின் கடிதங்களில் இரண்டு திரும்பி வந்தன. மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை. 2024 ஏப்ரலில் என்கார்னாவிடமிருந்து, தன் முகவரி எழுதாத ஒரு பட அட்டை வந்தது. "நீயும் மறந்துவிட்டாய். இனி எழுத மாட்டேன்."

"மறந்தனானோ? நானோ?" என்றாள் தங்கை. "போய் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டு வாறன்."

"கடிதமே போய்ச் சேராத இடத்துக்கு நீ எப்பிடிப் போவாய்?"

"கடிதத்துக்குக் கால் இல்லை அண்ணை. எனக்கு இருக்கு."

நானும் கூடப் போனேன்.

கடிதங்களின் முகவரியில் இருந்த பெனிமக்லெட், முன்பு தனி ஊராக இருந்து நகரத்துக்குள் அடங்கிப்போன இடம். நடுவில் தேவாலயச் சதுக்கமும் தாழ்ந்த வெள்ளை வீடுகளும். சுற்றிவர உயர்ந்த மாடிக் குடியிருப்புகள். இருபத்தேழாம் இலக்கம் எட்டு மாடி. வாசலில் இருபத்து நான்கு அழைப்பு மணிகள். ஒன்றிலும் பெயர் இல்லை, எண் மட்டும்.

சுவிசில் மணியிலும் தபால்பெட்டியிலும் பெயர் இருக்கும். தெருவும் வீட்டு இலக்கமும் எழுதினால் போதும். என்கார்னாவின் முதல் கடிதத்திலிருந்து முகவரியைப் பிரதி பண்ணியபோது தங்கையும் அவ்வளவோடு நிறுத்தியிருந்தாள். உறையை எறிந்துவிட்டாள்.

"கடைசியில ஒரு சின்ன எண் கிடந்தது. தேவையில்லை எண்டு விட்டிட்டன்."

"என்ன எண்?"

"தெரிஞ்சால் ஏன் வெயிலுக்க நிக்கிறன்?"

ஒவ்வொரு மணியாக அழுத்தினாள். மதியத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு இரண்டு பேர் ஏசினார்கள். ஒருவர் நீளமாக ஏதோ சொன்னார், எங்களுக்கு விளங்கவில்லை. பேக்கரியிலும் மருந்துக்கடையிலும் என்கார்னாவின் படத்தைக் காட்டினோம். தெரியாதென்று தலையை ஆட்டினார்கள். காது கேளாதவர், யாரோடும் நின்று கதைத்திருக்க மாட்டார்.

"போதும், ஹோட்டலுக்குப் போவம்" என்றேன்.

"நீங்கள் போங்கோ. நான் அவவைப் பாக்காமல் விமானம் ஏறமாட்டன்."

கட்டடத்தைச் சுற்றிப் பின்தெருவுக்குப் போனாள். அங்கே ஒவ்வொரு மாடியிலும் யன்னலுக்கு வெளியே கொடி கட்டித் துணி காயவிட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றாள்.

"அந்தா, அஞ்சாம் மாடி! பெருசிலயிருந்து சின்னனுக்கு, எல்லாம் உள்பக்கம் வெளிய, ரெண்டு துணிக்கு ஒரு கிளிப்."

"உலகத்தில எத்தினை பேர் அப்பிடிப் போடுவினம்?"

"காலுறையின்ர குதியெல்லாம் ஒரே பக்கம் பாக்கவோ? ஒருத்திதான்."

சாமான் வண்டியோடு வந்த ஒரு பெண் வாசலைத் திறந்தார். அவர் பின்னால் நுழைந்துவிட்டோம். ஐந்தாம் மாடியில் மூன்று கதவுகள். கொடி இருந்த பக்கத்தைக் கணக்குப் பார்த்து நடுக்கதவைத் தட்டினாள். சத்தமில்லை. காது கேளாவிட்டாலும் கண்ணில் படட்டும் என்று, உடனே விமானச்சீட்டை எடுத்துக் கதவின் கீழே நுழைத்து, முன்னும் பின்னுமாக ஆட்டினாள்.

கதவு திறந்தது. என்கார்னா கண்ணாடியைச் சரிசெய்து அவளை மேலும் கீழும் பார்த்தார். சலவைக்கூடத்து ஜெர்மனில் சொன்னார்: "ஒரு வருடம் பிந்தி வந்திருக்கிறாய். சம்பளம் வெட்டு."

தங்கை, திரும்பி வந்த இரண்டு உறைகளையும் அவர் கையில் வைத்தாள். என்கார்னா முகவரியை விரலால் தொட்டு வாசித்தார். இருபத்தேழுக்குப் பின்னால் விரல் நின்றது. பிறகு தன் கதவில் இருந்த பதினான்கு என்ற எண்ணை ஓங்கித் தட்டினார்.

"இருபத்தாறு வருடம் விரிப்பு எண்ணினாய். ஒரு கதவை எண்ணவில்லையா?"

அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள். நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன்.

ஊர் திரும்பும் வரை இருந்த மூன்று நாளும் தங்கை அங்கேதான் தங்கினாள். அதன்பின் எழுதிய கடிதம் ஒன்றும் தவறவில்லை. கடைசியாக வந்ததில் என்கார்னா, கை நடுங்குகிறது, இனி எழுத முடியாது, ஒவ்வொரு வருடமும் நீதான் வரவேண்டும் என்று எழுதியிருந்தார். தங்கை அதை நின்றபடியே வாசித்துவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஏப்ரலுக்குச் சீட்டுப் பதிவு செய்தாள். அந்தக் கடிதம் பூம்ப்ளிஸ் வந்து சேர்ந்தது 2025 ஜனவரி 22, புதன்கிழமை.