சாயம்தான் டாக்டர்

வலது கால் சுண்டுவிரலில் ஒரு சின்னக் கொப்புளம். எனக்கு அதில்தான் ஆரம்பித்தது. சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது. கொப்புளம் உடைந்தது, வலிக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டேன், மடையன்.

காஞ்சிபுரத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவன் நான். பதினாறு வயதிலிருந்து என் பாதம் அரக்கும் கருநீலமுமாகத்தான் இருக்கும். முகூர்த்த மாத வேலை கழுத்தை நெரித்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் போனிலேயே வீடியோ டாக்டரைப் பிடித்தோம். என் மனைவி செல்வி போனைப் பாதத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"விரல் கறுத்த மாதிரி தெரியுதே ஐயா?" என்றார் டாக்டரம்மா.

"சாயம்தான் டாக்டர். பட்டறைக் காலு, எப்பவும் இப்டித்தான் இருக்குது."

"வலிக்குதா?"

"வலியே இல்லம்மா." பெருமையாகத்தான் சொன்னேன். நரம்பு மரத்துப்போனதை (நியூரோபதி) தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வி குறுக்கே புகுந்தாள். "ரெண்டு நாளா ஒரு மாதிரி நாத்தம் வருது டாக்டர்..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்டர் எதிரில் மானத்தை வாங்குகிறாளே! "சும்மா இருடி, அது சாயத்தண்ணி நாத்தம்" என்று கத்தினேன். போனில் நாற்றம் போகாது. டாக்டரம்மா மாத்திரை எழுதி, நேரிலும் ஒருதரம் காட்டிவிடுங்கள் என்றார். நான் போகவில்லை.

ஐந்தாம் நாள் குளிர்ஜுரம் தூக்கிப் போட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து விரலை அழுத்தித் துடைத்தார். சாயம் பஞ்சில் ஏறியது. கறுப்பு அப்படியே இருந்தது. காங்க்ரீன் (ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போவது), முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்.

"வீட்ல யாருக்குமே நாத்தம் தெரியலயாம்மா?" என்று செல்வியைக் கேட்டார்.

"தெரியல சார்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். வீடியோவில் காலைக் காட்டுமுன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் மூக்குள்ளவரைப் பேச விடுங்கள்.

வலது காலை எடுத்ததோடு பட்டறை வேலையும் நின்றது. இப்போது மாதங்கள் போவதை இடது பாதத்தில்தான் பார்க்கிறேன். முதலில் அரக்கு போயிற்று, பிறகு நீலம். என் தோலின் நிறமே எனக்குப் புதிதாக இருக்கிறது.

போன வாரம் வீடியோவில் வேறொரு டாக்டர். "ரெண்டு காலையும் காட்டுங்க" என்றார். செல்வி இடது காலைக் காட்டினாள்.

"அடுத்தது?"

அவள் போனை நகர்த்தி, வெறும் பாய்க்கு நேராக ஆடாமல் பிடித்தாள்.

"சரியா தெரியல," என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்கம்மா."