மோத்திக்காக அணைத்த சூடம்

எங்கள் மோத்தி எப்படிச் செத்தது என்று கேட்டால், தாராவியில் எங்கள் சந்தில் அன்றைக்கு இருந்த யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். எதிர்வீட்டு இட்லிக்கார அத்தை விஷம் வைத்துக் கொன்றாள். அதற்குச் சாட்சியும் உண்டு. ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அம்மன் கோயில் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை நான்தான்.

மோத்தி நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட நாய். அதனால் எனக்கு அண்ணன் முறை என்று சித்தப்பா சொல்வார். பெயர்தான் இந்தி. எங்கள் வீட்டில் திட்டு விழுவதெல்லாம் திருநெல்வேலித் தமிழில் என்பதால் அதற்குத் தமிழ்தான் நன்றாகப் புரியும். எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. குட்டியாக இருந்தபோதே மோத்தி அந்த ஏணியில் ஏறப் பழகிவிட்டது. நாய் ஏணி ஏறுவதைப் பார்க்க அடுத்த சந்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். நான் மேலே நின்று கைதட்டிக் கூப்பிடுவேன், அது ஏறி வரும். ராத்திரி என் கால்மாட்டில்தான் படுக்கை.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், மழை பிடித்த முதல் வாரத்தில் மோத்தி ஏணியை விட்டுவிட்டது. மூன்றாவது படிவரை முன்னங்கால்களை வைக்கும், மேலே என்னைப் பார்க்கும், பிறகு இறங்கிப் போய் ஏணிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். நான் மேலிருந்து எலும்புத் துண்டைக் காட்டிப் பார்த்தேன். வாலை மட்டும் ஆட்டியது.

அந்த வருஷம்தான் அப்பா கீழறைக்கு டைல்ஸ் போட்டிருந்தார். சந்திலேயே முதல் டைல்ஸ் எங்கள் வீட்டில்தான், அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மோத்திக்கும் பாவவில்லை. எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். காலையில் முன்னங்கால்களை ஊன்றி, கொஞ்சநேரம் அப்படியே நின்று, பின்பாதியை இழுத்துக்கொண்டு எழும். சந்தில் நாலு நடை நடந்ததும் சரியாகிவிடும். சரியாகிவிட்டதால்தான் அதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்தோம்.

"நடிக்கான்ல, கள்ளன். மோத்தி சேட்டுக்கு இனி லிஃப்ட்தான் வைக்கணும்" என்றார் சித்தப்பா.

அது எந்நேரமும் பின்னங்கால் முட்டியை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி அந்த இடத்தில் முடியே போய்விட்டது. சொறி என்று சொல்லி அம்மா வேப்பெண்ணெய் தடவினாள். குளிப்பாட்டும்போது இடுப்பில் கை பட்டதும் ஒருநாள் அம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பதினோரு வருஷத்தில் அது வீட்டாரிடம் உறுமியது அன்றைக்குத்தான். திமிர் என்று அம்மா சொன்னாள், இரண்டு நாள் சோறு குறைந்தது. வலித்தால் நாய் கத்தும், இதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த நாய் வைத்தியம். மோத்தி கத்தவில்லை. ஆகவே அதற்கு வலியும் இல்லை.

இட்லிக்கார அத்தை தனி ஆள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. விடியுமுன்னே கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிடுவாள். மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் தலையில் வைத்து இட்லி கொண்டுபோய் விற்கிறவர்கள் அவள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். அம்மாவுக்கும் அவளுக்கும் குழாயடியில் ஆரம்பித்த சண்டை, எப்போது ஆரம்பித்தது என்று இருவருக்குமே மறந்துபோன சண்டை. அவள் அடுப்பை ஒட்டிய சுவர் மத்தியானம்வரை சூடாக இருக்கும். ஏணியை விட்ட மோத்தி போய் அந்தச் சுவரோடு முதுகை ஒட்டிப் படுக்க ஆரம்பித்தது. நான் கூப்பிட்டாலும் எழுந்து வராது.

இட்லிக்கு ஆசைப்பட்டு நாய் வீடு மாறிவிட்டது என்றாள் அம்மா. என்னை விட்டுவிட்டு இட்லிக்காகப் போய்விட்டதே என்று மேலறையில் உட்கார்ந்து அழுதேன். அத்தைக்கும் அது அங்கே படுப்பதில் சம்மதம் இல்லை. ஒருநாள் கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அதன்மேல் தடுக்கி, விழப்போய்ச் சமாளித்தாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் சந்து முழுக்கக் கேட்டது.

"இந்த மூதியக் கெட்டிப் போடுங்க! கொதிக்கிற வெந்நியோட நான் விழுந்து வெந்தா யாரு பாக்கது? ஒருநா இல்லன்னா ஒருநா வெசத்த வச்சிருவேன், பாத்துக்கிடுங்க!"

எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் அவள் தாழ்ந்த குரலில் சொன்னது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. "எக்கா, அதுக்குக் காலு நோவுது. ஈரத்தரையில கெடந்தா இன்னும் பிடிச்சுக்கிடும். ஒரு சாக்க விரிச்சுப் போடுங்க" என்றாள். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் நாயை எப்படி வளர்ப்பது என்று இவள் சொல்லித்தர வேண்டுமாக்கும் என்று வழியெல்லாம் பொருமினாள். சாக்கு விரிக்கப்படவில்லை.

ஆனால் பின்னால் பாத்திரத்தோடு நடந்த என் காதில் அந்த வார்த்தை விழுந்தது. நோவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்பாவுக்கு நோவு உண்டு. தோல்பை தைக்கும் மிஷினில் குனிந்தே இருந்து அவருக்கு இடுப்பு போய்விட்டது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, மோத்தியைப் போலவே பாதி பாதியாகத்தான் எழுந்திருப்பார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். அதில் ஒன்றைப் போட்டு டீ குடித்தால் அரைமணி நேரத்தில் நிமிர்ந்துவிடுவார். அட்டை தீர்ந்தால் மெடிக்கலுக்கு ஓடுவது என் வேலை. காலி அட்டையைக் காட்டினால் போதும், வேறு கேள்வி கிடையாது.

அப்பாவை நிமிர்த்துகிற மாத்திரை மோத்தியை நிமிர்த்தாதா? இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் ஒன்றை எடுத்துப் பாவ் ரொட்டித் துண்டுக்குள் வைத்து உருட்டி மோத்தியின் வாயில் போட்டேன். வாங்கி விழுங்கிவிட்டு என் கையை நக்கியது.

மறுநாள் சாயங்காலம் நான் மேலறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஏணி கிறீச்சிட்டது. மோத்தி ஏறி வந்து என் நோட்டின்மேல் மூச்சு வாங்க உட்கார்ந்தது. அதைக் கட்டிக்கொண்டு நான் போட்ட கூச்சலில் அம்மா கீழிருந்து ஓடி வந்தாள். வாழ்க்கையில் பிறகு எத்தனையோ நல்ல செய்தி கேட்டிருக்கிறேன், அந்தச் சந்தோஷம் ஒன்றுக்கும் வரவில்லை. நடிப்பு முடிந்தது என்றார் சித்தப்பா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் மாத்திரையில் கை வைத்தது தெரிந்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும். போதாததற்கு, வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பெரிய விஷயம் முதல்முதலாக என்னிடம் இருந்தது.

தினமும் ஒன்று கொடுத்தேன். அட்டை சீக்கிரம் தீர்கிறதே என்று அப்பா முணுமுணுத்தார். தலைவலிக்கு அம்மாதான் எடுத்துப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் இருக்கும். மோத்தி சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. வாளித் தண்ணீரை ஓயாமல் குடித்தது, குடித்ததைக் கக்கியது. சந்து ஓரத்தில் அது வெளிக்கு இருந்துவிட்டுப் போன இடம் தார் கொட்டினாற்போல் கறுப்பாக இருந்தது. மறுபடி ஏணியில் ஏற முடியாமல் போனது. நோவு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அப்பா நோவு அதிகமான நாளில் இரண்டு போடுவார். நானும் இரண்டு கொடுத்தேன்.

கடைசி நாள் காலையில் அது தானாகவே தவழ்ந்து அத்தையின் சுவருக்குப் போயிருந்தது. பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த நான் பார்த்தேன். வரிசையில் ஆட்கள் நிற்க, அத்தை வேலையை விட்டுவிட்டு மோத்தியின் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். ஓர் இட்லியைத் தண்ணீரில் பிசைந்து விரலால் அதன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அடியில் சாக்கு விரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மோத்தியை அதே சாக்கால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் அது கடைசியாகக் கக்கியது கிடந்தது, வெள்ளையாக, இட்லி இட்லியாக.

யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பாதான் கேட்டார், அதுவும் என்னை. "ஏட்டி, அவ எதாவது போட்டத நீ பாத்தியா?" என்றார். இட்லி ஊட்டினாள், பார்த்தேன் என்றேன். சொல்லும்போதே விம்மல் வந்துவிட்டது. அந்த விம்மல்தான் மற்ற வேலையைச் செய்தது.

எங்கள் ஆட்களுக்குப் போலீஸைவிடச் சூடத்தில்தான் நம்பிக்கை. கோயில் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். பொய்யாக அணைத்தவர்களுக்கு அம்மன் கொடுத்த தண்டனைகளைப் பற்றிச் சந்தில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். சந்து முனையில் இருந்த சின்ன அம்மன் கோயிலில் அன்றைக்குச் சாயங்காலமே கூட்டம் கூடிவிட்டது. முதலில் என்னை நிறுத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். உள்ளங்கையில் சுளீரென்றது. அவள் கொடுத்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அடுத்து அத்தை வந்தாள். "இட்லி குடுத்தேன். வெசம் வைக்கல. அது சாவக் கெடந்துச்சு, வெறும் வயித்தோட போகப்படாதுன்னு குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே சூடத்தை அணைத்தாள். அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. அப்போது கூட்டத்தில் ஒரு குரல், அவள் கையைப் பாருங்கள், ஈரம் என்றது. உண்மைதான். மாவிலும் தண்ணீரிலும் புழங்குகிற கை அது, எந்த நேரமும் ஈரமாகத்தான் இருக்கும். அவசரமாக இழுத்து வந்ததில் முந்தானையில் துடைக்கக்கூட அவளை விடவில்லை. ஈரக்கையால் அணைத்த சூடம் செல்லாது என்றார்கள். இன்னொரு முறை அணைக்கிறேன் என்று அவள் கையைத் துடைத்தாள். அம்மனை ஏமாற்றப் பார்த்தவளுக்கு இரண்டாம் தடவை எதற்கு என்றார் அப்பா.

சித்தப்பா அவள் மாவுப் பாத்திரங்களை வாசலில் கவிழ்த்தார். விஷம் வைத்த கையால் அவிக்கிற இட்லியைச் சுமக்க மறுநாள் யாரும் வரவில்லை. மாதம் முடியுமுன்னே கொப்பரையைக் கட்டித் தூக்கிக்கொண்டு மான்குர்த்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது எங்கள் வாசலை ஒருமுறை பார்த்தாள். நான் மேலறை ஜன்னலிலிருந்து அவளுக்குப் பழிப்புக் காட்டினேன். மோத்திக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

இப்போது நவி மும்பையில், சான்பாடாவில் இருக்கிறோம். வீட்டில் ஒரு கிழட்டுப் பெண்நாய். போன மழைக்காலத்தில் அது சோபாவில் ஏறுவதை நிறுத்தியது, முட்டியை நக்க ஆரம்பித்தது. எனக்கு ஏற்கெனவே பார்த்த மாதிரி இருந்ததால் உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன். மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டரம்மா. குணமாகாது, ஆனால் வலியைக் குறைக்கலாம். வழுக்காமல் தரையில் பாய் விரியுங்கள், கதகதப்பான படுக்கை கொடுங்கள், எடை ஏறாமல் பாருங்கள், மெதுவாக நடக்க விடுங்கள், நான் தருகிற மருந்தை மட்டும் கொடுங்கள் என்றார். பிறகு எழுதிக்கொண்டே, மனிதர்கள் போடுகிற வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடவில்லையே என்று கேட்டார். நிறையப் பேர் பாசத்தில் கொடுத்துவிடுகிறார்களாம். முதலில் துள்ளி நடக்குமாம், பிறகு வயிறு புண்ணாகி உள்ளே ரத்தம் போகுமாம், மலம் கறுப்பாகுமாம், சிறுநீரகம் கெட்டுப்போகுமாம். கொடுத்தீர்களா என்று மறுபடி கேட்டார். இந்த நாய்க்கு இல்லை என்றேன்.

எனக்குச் செம்பூரில் வேலை. ரயில் தினமும் இரண்டு முறை மான்குர்த்தில் நிற்கிறது. நான் இன்னும் இறங்கவில்லை. அத்தை இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. அப்பாவிடம் ஒருமுறை சொல்ல ஆரம்பித்தேன், அந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அன்றைக்குக் கோயில் முன்னால் அவள் என்ன கொடுத்தாள் என்றுதான் என்னிடம் எல்லோரும் கேட்டார்கள். நீ என்ன கொடுத்தாய் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அடிக்குப் பயந்துகூட மறைத்திருக்க மாட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், மோத்திக்கு நான் மருந்து கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன்.